கையில் பிளக்

எனக்குக் கோபம் வரும் என்பதை ஒரு காலத்தில் தகுதிபோலச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். (வேறு தகுதி எதுவும் கைவசம் இல்லை.)

கொல்கத்தாவின் பெஹாலாவுக்கு நாங்கள் குடிவந்த நாலாம் வருஷம். துர்கா பூஜை, சப்தமி சாயங்காலம். தெருவே பந்தலில் இருக்க, நான் மட்டும் முதல் மாடியில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வெளிநாட்டு கிளையண்டிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னலை ஒட்டிய கம்பத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. "உங்கள் பக்கம் ஏதாவது கலவரமா?" என்றான் கிளையண்ட்.

அவ்வளவுதான். லுங்கியும் டையுமாக (வீடியோ கால், மேல்பாதிக்கு மட்டும் மரியாதை) இறங்கி ஓடினேன். மேடைக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர். ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பு. நிசப்தம். உலகத்தைத் திருத்திவிட்ட நிம்மதி.

கமிட்டிச் செயலாளர் தபன்தா தலையில் கைவைத்தார். "அரே தாதா, கீ கொர்லேன்! என்ன பண்ணிட்டீங்க! ஸ்டேஜ்ல பௌதி!"

(தாதா என்றால் அண்ணன், பௌதி என்றால் அண்ணி. தெருவில் அத்தனை பேருக்கும் அண்ணி, என் மனைவி கல்யாணி.)

எட்டிப் பார்த்தேன். எனக்குச் சொல்லாமல் மூன்று மாதம் பழகிய பாட்டு. அந்த மேடையில் முதல் தமிழ்ப் பாட்டு. பாதி வரியில் நின்றிருந்தாள். என் கையில் பிளக்.

அவள் முகம் சிவந்தது. உதடு துடித்தது. கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து வங்காளத்தில், "ஒயர் லூஸாம், எங்க வீட்டுக்காரர் சரிபண்ண வந்திருக்கார்" என்று சிரித்தாள். கும்பிட்டு இறங்கிவிட்டாள். நான் பிளக்கைச் சொருகியபோது மேடையில் குழந்தைகள் நடனம்.

வீட்டில் திட்டட்டும் என்று அவள் முன்னால் போய் நின்றேன்.

"டையைக் கழட்டிட்டு வாங்க. ரசம் சூடா இருக்கு."

ஒயரை எந்த முட்டாளும் இழுத்துவிடலாம். அந்த ஒரு மூச்சை இழுக்க எனக்கு இன்றுவரை பலம் போதவில்லை.

அன்று பிறந்தேயிராத மகள்கூட, நான் குரலை உயர்த்தினால், "அம்மா, பிளக்கைப் புடிச்சுக்கோ!" என்று கத்துகிறாள். கோபம் அங்கேயே உட்கார்ந்துவிடும்.

ஒவ்வொரு பூஜைக்கும் தபன்தா வந்து அவளைப் பாடச் சொல்லிக் கேட்பார். "அடுத்த வருஷம் பாக்கலாம் தாதா" என்பாள் கல்யாணி. நானோ வருஷா வருஷம் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல் இருக்கிறேன்.

சில காலைகளில் சமையலறையில் அந்தப் பாட்டை முணுமுணுப்பாள், அதே பாதி வரிவரை. மிச்சத்துக்காகக் கதவோரம் மூச்சுவிடாமல் நிற்பேன். மிக்ஸியைப் போட்டுவிடுவாள்.

(அந்தப் பிளக்கைத் தொட எனக்குத் தைரியம் இல்லை.)