‘எழுந்து நட’ போஸ்டர்

மனித குலம் இரண்டு காலில் எழுந்து நின்ற பிறகு, நடையைப் பொறுத்தவரை அடுத்த மாபெரும் நிகழ்ச்சி சிவகாசியில், சங்கரபாண்டியன் அண்ணாச்சியின் அச்சகத்தில்தான் அரங்கேறியது. அண்ணாச்சிக்குச் சர்க்கரை முந்நூறைத் தொட்டது. உடனே ‘சர்க்கரையாளர் நடைப் பேரியக்கம்’ தோன்றியது. அதன் முதல் கூட்டம் நான்கு மணி நேரம், ஒருவரும் நாற்காலியை விட்டு எழாமல், கட்டுக்கோப்பாக நடந்தது. கூட்டமாவது நடந்ததே! ‘எழுந்து நட’ என்று ஒரு லட்சம் போஸ்டர் அடிப்பதெனத் தீர்மானமாயிற்று.

போஸ்டர்களை நூறு நூறாக அடுக்கிக் கட்டுகிறவள் முருகம்மாள். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை தரையில் சம்மணமிட்டுச் செய்கிற வேலை. அவளுக்கும் சர்க்கரைதான், பாதம் மரத்துப்போய் இரண்டு வருடமாகிறது. மாத்திரை மட்டும் போதாது, அரைமணிக்கு ஒருதரம் எழுந்து நடக்கவேண்டும் என்று டாக்டரம்மா கண்டித்திருந்தார். அன்றைக்கோ கண்ணில் பட்ட காகிதமெல்லாம் ‘எழுந்து நட’ என்றது. முதலாளி சொல்லை எத்தனை தடவைதான் தட்டுவது? எழுந்து நடந்துவிட்டாள்.

சூப்பர்வைசர் மகேஷ்குமார் பதறிப் பின்னாலேயே வந்தான். ஆர்டர் அவசரம் என்றான், உட்காரச் சொன்னான். அவள் நிற்கவில்லை. மெஷினைச் சுற்றி ஒரு ரவுண்டு, மை டப்பாக்களைச் சுற்றி இன்னொன்று. மூன்றாவது சுற்றில், கூடவே கட்டுப்போடுகிற தங்கத்தாயும் ரோஜாவும் சேர்ந்துகொண்டார்கள். ஐந்தாவதில் மகேஷ்குமாருக்கு மூச்சு வாங்கியது. முருகம்மாளுக்கோ கட்டைவிரலில் சுருக்கென்று ஏதோ உணர்வு வந்தது. கூடவே அடக்கமாட்டாத சிரிப்பும்.

அந்நேரம், நடைப்பயிற்சிக்குப் போன கார் திரும்பி வந்தது. இறங்கிய அண்ணாச்சி இந்தப் புரட்சியைக் கண்டு நெகிழ்ந்தார். முருகம்மாளை மறுபடி நடக்கச் சொல்லிப் படம் பிடித்தார். மிச்சப் போஸ்டர்களில் அந்தப் படமே ஏறியது: ‘உழைக்கும் பெண்ணின் உற்சாக நடை!’ விருதுநகர் வரைக்கும் சுவர் சுவராக முருகம்மாள் நடந்தாள்.

மூன்றாம் நாள் மெமோ வந்தது. வேலை நேரத்தில் இடத்தை விட்டு எழுந்து நடந்தது ஏன்? ஆதாரமாக அந்தப் போஸ்டரே இணைக்கப்பட்டிருந்தது. வாசித்துக் காட்டிய மகேஷ்குமாருக்கே குரல் இறங்கிவிட்டது.

“உக்காருங்கக்கா. இன்னும் அம்பதாயிரம் போஸ்டர் கட்டணும்.”

முருகம்மாள் போஸ்டரைப் பார்த்தபடி மெல்ல உட்கார்ந்தாள்.

“அண்ணாச்சிட்டச் சொல்லுங்க தம்பி. காயிதத்துல இருக்கவளுக்குச் சுகர் இல்ல. அவள ஊரெல்லாம் நடக்கவிட்டுட்டு, சுகர் உள்ளவள இங்கன உக்கார வச்சிருக்கீக.”