தவிட்டில் முடிந்த சாய்தளம்

சட்டம் படித்துவிட்டு உற்சாகமாக இருக்கும் இளைஞனைத் தனியாக விடக்கூடாது. பக்கத்தில் ஒரு ஆள் இருந்து, "தம்பி, சம்பந்தப்பட்டவங்களை ஒரு வார்த்தை கேட்டியா?" என்று விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை.

உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற வழியில் ஒரு அரிசி ஆலை. அங்கேதான் எனக்கு முதல் வேலை, எச்.ஆர். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் என்பதால் அந்தப் பதவியை ரொம்பவே சீரியஸாக எடுத்துக்கொண்டேன். (மூட்டை தூக்குகிறவர்கள் "எச்சாரு" என்று கூப்பிடுவார்கள். ஏதோ புது ரசம் மாதிரி இருந்தாலும் பெருமையாகத்தான் இருந்தது.)

ஒரு நாள் முதலாளி போன் செய்தார். "காஞ்சிபுரம் வேலைவாய்ப்பு கேம்ப்ல இருந்து மாற்றுத்திறனாளி பையன் ஒருத்தனை அனுப்புறாங்களாம்பா. பேக்கிங்ல போட்டுக்கலாம். சட்டப்படி இன்னா செய்யணுமோ செஞ்சுடு. நாளைக்கு எவனும் வந்து கேக்கக்கூடாது."

சட்டப்படி! அந்த ஒரு சொல் போதுமே எனக்கு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை வரி விடாமல் படித்தேன். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற தனியார் நிறுவனம் சம வாய்ப்புக் கொள்கை எழுதி, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வைக்க வேண்டும். என்னென்ன வசதி செய்து தருவோம் என்று அதில் சொல்ல வேண்டும். எங்களிடம் நாற்பது பேர்! எனக்குப் புல்லரித்துவிட்டது. அன்றைக்கே எழுதி, முதலாளியிடம் கையெழுத்து வாங்கி, எடைமேடைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். 'ஊழியரின் தேவைக்கேற்ற வசதிகளைச் செய்து தருவோம்' என்பது அதில் என் சொந்த வரி. போகும்போதும் வரும்போதும் நின்று படித்துக்கொள்வேன்.

அப்படி எழுதினவன், அந்த ஊழியருக்கு என்னதான் தேவை என்று கேம்ப்புக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. மாற்றுத்திறனாளி என்றால் சக்கர நாற்காலி. பஸ்ஸில் அந்தப் படம்தானே போட்டிருக்கிறார்கள்?

பேக்கிங் கூடம் தரையிலிருந்து இரண்டடி உயரம். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வைத்து சாய்தளம் கட்ட வேண்டும் என்று கொத்தனார் ஏழுமலையிடம் விளக்கினேன்.

"இருவத்தி நாலு அடியா? அப்புறம் லாரி எங்க சார் திரும்பும்? உங்க வூட்லயா?" என்றவர், பத்தடியில் முடித்துவிட்டார். பார்ப்பதற்குக் குழந்தைகள் சறுக்குமரம் போல இருந்தது. நான் அதற்கும் சேர்த்துப் பெருமைப்பட்டேன்.

பையன் வேலையில் சேர வேண்டிய திங்கட்கிழமை வந்தது. மருந்துக்கடையில் ஒரு சக்கர நாற்காலி வாடகைக்கு எடுத்து வந்திருந்தேன், முதலாளிக்கு நானே உட்கார்ந்து இறங்கிக் காட்டலாம் என்று. போய்ப் பார்த்தால் சாய்தளம் முழுக்க நெல்! எங்கள் பக்கத்தில் சிமென்ட் தரையை அரை நாள் சும்மா விட்டுவைக்க மாட்டார்கள்.

"இன்னா எச்சாரு, எடம் காலியா கீதேன்னு அவிச்ச நெல்லு பரப்பினோம். சூடு நல்லா ஏறுது" என்றார் களத்தில் வேலை செய்யும் அம்மா ஒருவர்.

அவசர அவசரமாக நடுவில் ஒரு வழி பெருக்கினேன். முதலாளி வந்துவிட்டார். மேலே போய் நாற்காலியில் உட்கார்ந்து, "சார், இதுதான் தடையற்ற சூழல்!" என்று அறிவித்துச் சக்கரத்தைத் தள்ளினேன்.

மிச்சமிருந்த நெல்மணிகள் தங்கள் வேலையைக் காட்டின. நாற்காலி உருளவில்லை, வழுக்கியது. நேராகவும் இல்லை, சுற்றிக்கொண்டே. கீழே, எடைமேடைப் பக்கம் ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, சுவரில் என் கொள்கையைப் படித்துக்கொண்டிருந்தார். (அதைப் படித்த முதல் மனிதர்!)

"தள்ளிப் போங்க! தள்ளிப் போங்க!" என்று கத்தினேன். மொத்த ஆலையும் கத்தியது. அவர் மட்டும் திரும்பவே இல்லை.

இரண்டு பேரும் நாற்காலியோடு, சுவரோரம் கொட்டியிருந்த தவிட்டுக் குவியலுக்குள் போனோம்.

வாயிலிருந்த தவிட்டைத் துப்பிக்கொண்டிருந்தபோது, அந்த ஆளோடு வந்திருந்த பெண் ஒருவர் ஓடி வந்து அவரைத் தூக்கி நிறுத்தினார். அவருடைய அக்கா கோமளா.

"இவன்தான் சார் புதுசா வேலைக்கு வந்துகீறவன், மோகன். காதுதான் கேக்காது. காலு நல்லாத்தான் கீது, நீங்க ஒடைக்காம வுட்டா!"

கூட்டம் சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை.

"காது கேக்காதா? லாரி ரிவர்ஸ் வர்ற எடம்பா இது. இப்பவே பாத்தியே! பேஜாரு வேணாம், அனுப்பிடு."

கோமளாவின் முகம் சட்டென்று வாடிவிட்டது. "ஏற்கெனவே ரெண்டு எடம் சார். அவங்களும் இப்படித்தான், பாவம் பாத்தே அனுப்பிட்டாங்கோ."

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, தலை முழுக்கத் தவிட்டோடு எழுந்து நின்றேன். "சார், அவரை இடிச்சது லாரி இல்ல, நான். அனுப்பணும்னா என்னை அனுப்புங்க. தேவையான வசதியைச் செஞ்சு தருவோம்னு சுவத்துல ஒட்டியிருக்கோம். கீழ உங்க கையெழுத்து."

"நான் படிச்சுப் பாத்தா போட்டேன்?" என்றார் முதலாளி. சுவரருகே போய் அந்த வரியைப் படித்தார். "சரி, இன்னா வசதி வேணுமாம்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். உடனே மூடிக்கொண்டேன். "அவரையே கேளுங்கக்கா" என்றேன்.

மோகன் கைகளால் பேசினார். கோமளா சொன்னார்: "சங்கு ஊதுறப்போ செவப்பு லைட்டும் எரியணுமாம். லாரி பின்னால வந்தா ஒரு ஆளு எதுர்ல நின்னு கை காட்டணுமாம். அவ்ளோதான்." மோகன் இன்னும் ஏதோ சொன்னார். "அப்புறம், சக்கரம் வெச்ச எதுலயும் உங்களை ஏத்தக்கூடாதாம் சார்."

முதலாளி அப்போதுதான் சிரித்தார். சாயங்காலமே எலக்ட்ரீஷியன் வந்துவிட்டார்.

மோகன் இன்று பேக்கிங் பிரிவின் மேஸ்திரி. மிஷின் ஓடும் இரைச்சலில் ஆலையில் எல்லாருமே கையால்தான் பேசிக்கொள்வார்கள். அவர் வந்த பிறகு அதில் இன்னும் தேறிவிட்டார்கள். சரளமாகப் பேச வராத ஒரே ஆள் எச்சாருதான்.

மோகன் எல்லாருக்கும் சைகையில் பெயர் வைத்திருக்கிறார். முதலாளிக்கு மீசையை முறுக்க வேண்டும். எனக்கு, இரண்டு கையாலும் முகத்தை வழித்து, 'ப்பூ' என்று ஊத வேண்டும். கோமளா அக்கா அதை எங்கள் வீடு வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். இப்போது வயலில் நிற்கும் என் அம்மா, சத்தம் எட்டாத தூரத்தில் நான் போனால், முகத்தை வழித்து ஊதித்தான் சோற்றுக்குக் கூப்பிடுகிறார். நானும் திரும்பிப் பார்க்கிறேன்.