போதும் அணியின் தலைவர்

தமிழருக்கு ஒரு விஷயம் விளங்க வேண்டுமென்றால் முதலில் அதை இரண்டு அணியாகப் பிரிக்க வேண்டும். பிள்ளைகளைக் கெடுப்பது தாயா தகப்பனா, நிம்மதி தருவது ஊரா கனடாவா என்று பிரித்து, நடுவில் ஒருவரைக் கதிரையில் இருத்தி, மணியடித்துப் பேசவிட்டால்தான் அது ஒரு பிரச்சினை என்றே எங்களுக்குப் படும். இதனால் யாருக்கும் பெரிய தீங்கு இல்லையென்று நானும் நம்பியிருந்தேன். எங்கள் பழைய மாணவர் சங்கம் காசாப் போரைப் பட்டிமன்றத்துக்கு எடுத்த குளிர்காலத்தோடு அந்த நம்பிக்கை போய்விட்டது.

நான் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன். மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஒரு வெயர்ஹவுஸில் வேலை. சனி ஞாயிறுகளில் பேச்சாளர். (சங்கத்து அழைப்பிதழ்களில் என் பெயருக்கு முன்னால் 'சொல்வேந்தர்' என்று போடுவார்கள். போடச் சொல்லி நான் ஒருமுறைதான் கேட்டேன்.)

சமீர் என்னோடு வேலை செய்கிறவர். விட்பியிலிருந்து வருகிற வழியில் காலையில் என்னை வீட்டு வாசலில் ஏற்றிக்கொள்வார். பலஸ்தீனர். அவருடைய ஒரே அக்கா காசாவில் இருக்கிறார். 401 நெடுஞ்சாலையில் வாகனங்கள் நகராமல் நிற்கும் நேரமெல்லாம் நாங்கள் செய்தி கேட்போம். ஒரு பக்கத்து ஆட்கள் 'கொல்லப்பட்டார்கள்' என்றும் மற்றப் பக்கத்து ஆட்கள் 'இறந்தார்கள்' என்றும் வாசிக்கிறார்களே, கவனித்தாயா என்று சமீர் கேட்பார். நான் பெருமூச்சு விட்டு, "எங்களுக்குத் தெரியும் சமீர். நாங்களும் உதுக்குள்ளாலதான் வந்தனாங்கள்" என்பேன். எங்களுக்கிடையில் இருப்பது ஆளுக்கொரு விதமாக உடைந்த ஆங்கிலம். ஆனாலும் அந்த வசனத்தை நான் மிக அழகாகச் சொல்வேன். சமீர் தலையாட்டுவார். என்னை நம்பினார், பாவம்.

பட்டிமன்றத்துக்குத் தலைப்புத் தேடியபோது காசா என்று சொன்னது நான்தான். செயற்குழுவில் உடனே புகை கிளம்பியது. எங்கள் நிரந்தர நடுவர் பரமேஸ் அண்ணை, வீடு விற்றுக் கொடுக்கிறவர், எல்லாருடைய மனமும் நோகாமல் பார்க்க வேண்டிய தொழில்.

"தம்பி, உது நெருப்பு. என்ர பல் டொக்டர் யூதர். அவற்ற மச்சாள் மற்றப் பக்கத்திலதான் இருக்கிறா. அந்த மனுசனும் நித்திரையில்லாமல் திரியுது. ஆர் சரி, ஆர் பிழை எண்டு நாங்கள் மேடையில பிரிக்கேலாது."

"அப்ப ஊடகத்தைப் பிடிப்பம் அண்ணை. ஊடகத்தைத் திட்டினால் ஒருத்தரும் கோவிக்க மாட்டினம்."

அப்படித்தான் தலைப்பு வந்தது: 'காசாவுக்கு உலக ஊடகங்கள் தரும் கவனம் போதுமா, போதாதா?' போதாது அணிக்கு நான் தலைவர். போதும் அணிக்கு பிறம்ரனிலிருந்து ஒரு லொறிச் சாரதி, நல்ல வாய்க்காரர்.

அடுத்த நாளே காருக்குள் சமீரிடம் பெருமையடித்தேன். "எங்கட ஆக்கள் உங்கட விஷயத்தைப் பற்றி ஒரு பெரிய விவாதம் வைக்கினம். நான் உங்கட பக்கம் நிண்டு பேசுறன். வாங்கோ." சமீர் செய்தியை நிறுத்தினார். பிறகு, தன் அக்காவைப் பற்றி வேறு யாரும் இப்படி ஒரு மண்டபம் எடுத்துப் பேசியதில்லை, கட்டாயம் வருகிறேன் என்றார். மொழி விளங்காதே என்று நான் கவலைப்பட்டேன். பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள் ஆரணியைப் பக்கத்தில் இருத்தி மொழிபெயர்க்க வைப்பதாகவும் நானே ஏற்பாடு செய்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்த நுணலுக்கு மொழிபெயர்ப்பாளர் வைக்கும் அளவுக்கு வசதி இருக்கவில்லை.

விழா நாளான சனிக்கிழமை பனி கொட்டியது. பிறம்ரன்காரர் நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டார், வர முடியாது என்று அறிவித்துவிட்டார். பரமேஸ் அண்ணை என்னை மேடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"நீ அங்கால மாறு. போதும் எண்டு பேசு. உன்ர அணியை மற்றவை பாப்பினம்."

"அண்ணை, நான் போதாது எண்டு ரெண்டு கிழமையாய்ப் பாத்றூம் கண்ணாடிக்கு முன்னால நிண்டு பேசிப் பழகினனான்."

"உன்ர வாய்க்கு எந்தப் பக்கமும் ஒண்டுதானே. உன்னைப்போல ஆள் வேற ஆர் இருக்கு?"

அந்தக் கடைசி வசனத்தை அவர் சொல்லியிருக்கக் கூடாது. நானும் அதில் மயங்கியிருக்கக் கூடாது. மயங்கினேன். சமீருக்குத் தமிழ் தெரியாதே, பிறகு விளங்கப்படுத்தலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு மேடையேறிவிட்டேன். ஆரணிக்கு ஒரு சொல் சொல்லிவைக்க வேண்டும் என்பது அந்தத் திறமையான வாய்க்குத் தோன்றவில்லை.

அவள் சமீரைக் கார்த் தரிப்பிடத்திலிருந்து கூட்டிக்கொண்டு உள்ளே வந்தபோது முதலாவது சேதம் நடந்தது. பெரிய விவாதம் என்று நான் சொல்லியிருந்ததால் சமீர் கறுப்புக் கோட்டுப் போட்டுக் கழுத்துப் பட்டியும் கட்டியிருந்தார். எங்கள் விழாவில் தமிழரல்லாத ஒருவர் கோட்டோடு முன்வரிசைக்கு வந்தால் அவர் அரசியல்வாதி. இதில் விவாதமே கிடையாது. வரவேற்புக் குழுப் பெண்கள் சந்தனமும் கற்கண்டும் கொண்டு ஓடினார்கள். அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்து, "எங்கள் அழைப்பை ஏற்று வருகை தந்திருக்கும் மாண்புமிகு நாடாளுமன்ற உறுப்பினரின் பிரதிநிதி அவர்களே" என்றார். சமீரைக் குத்துவிளக்கு ஏற்ற வைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். வரிசையில் நின்று படம் எடுத்தார்கள். ஒருவர் தன் மைத்துனரின் விசா விண்ணப்பத்தைப் பற்றிக்கூடக் காதுக்குள் சொன்னார்.

சமீர் என்னைப் பார்த்தார். நான் மேடையிலிருந்து கும்பிட்டுச் சிரித்தேன். என் விருந்தாளிக்கு இவ்வளவு மரியாதை கிடைப்பதை எதற்குக் கெடுக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பிறகு என் முறை வந்தது.

நான் நன்றாகப் பேசினேன். அதுதான் கொடுமை. "நடுவர் அவர்களே, எங்கட வீட்டு ரீவியில காலமையும் காசா, மத்தியானமும் காசா, இரவும் காசா. என்ர மனிசி வைக்கிற கத்தரிக்காய்க் குழம்புகூட இவ்வளவு தரம் வாறேல்லை" என்று தொடங்கினேன். மண்டபம் குலுங்கியது. கத்தரிக்காய் வைக்கிற மனிசி சுகந்தி மூன்றாவது வரிசையில் சிரிக்காமல் இருந்தாள். பிறகு குரலை இறக்கினேன். "எங்கட சனம் பங்கருக்குள்ள கிடந்தபோது ஒரு கமெரா வந்ததோ? எங்களுக்கு இல்லாத கமெரா அவைக்கு இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்? போதும் நடுவர் அவர்களே, போதும்."

அதற்கு எழுந்த கைதட்டல் சிரிப்புக்கு எழுந்ததைவிடப் பெரிது. அங்கே இருந்த பாதிப் பேர் ஊர்ப் போரில் அந்தப் பதுங்குகுழிக்குள் கிடந்தவர்கள், அல்லது அதற்குள் ஆளைப் பறிகொடுத்தவர்கள். அவர்கள் தட்டியது அந்த வலிக்கு. நானோ அது என் சொல்வன்மைக்கு என்று நினைத்துத் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டேன்.

தலை நிமிர்ந்தபோதுதான் முன்வரிசை சரியாகத் தெரிந்தது. பொன்னாடையோடு சமீர். அவர் காதருகில் ஆரணியின் வாய் அசைந்துகொண்டிருந்தது. அவள் ஒன்றையும் விடுகிற பிள்ளை இல்லை. கத்தரிக்காயையும் சொல்லியிருப்பாள். நிப்பாட்டு என்று நான் கண்ணால் சைகை காட்டினேன். அவள் அதையும் அவருக்கு மொழிபெயர்த்தாள். மொழி விளங்காவிட்டாலும் அந்த மனிதருக்கு 'காசா' என்ற சொல் கேட்கும்தானே. அது கேட்ட ஒவ்வொரு முறையும் அவரைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்ததும் கேட்கும்தானே.

தீர்ப்புக்கு முன்னால் அறிவிப்பாளர் திரும்பவும் மைக்கைப் பிடித்தார். அரசியல்வாதிகள் எப்போதும் அடுத்த விழாவுக்கு ஓட வேண்டியவர்கள், அதனால் அவர்களை இடையிலேயே பேசவிட்டு அனுப்புவது எங்கள் வழக்கம். "பிரதிநிதி அவர்கள் இப்போது வாழ்த்துரை வழங்குவார்."

சமீர் மேடைக்கு வந்தார். ஆரணியும் கூடவே வந்தாள். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, அவள் தன்னுடைய அரைகுறைத் தமிழில் சொன்னாள்.

"இவர் பொலிரீசியன் இல்லையாம். அப்பாவோட வேலை செய்யிறவராம். இவற்ற அக்கா காசாவில இருக்கிறா. இவர் அவவின்ர தெரு ரீவியில வருதோ எண்டு பாப்பாராம். அவவின்ர பல்கனி இன்னும் இருக்கோ எண்டு. அது ஒரு செக்கன்தான் வருமாம். பிறகு அட்வடைஸ்மன்ற் வந்திடும். சில நாள் வராதாம்." அவள் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் இன்னும் ஏதோ சொன்னார். "இவற்ற பிரெண்ட், எங்கட அப்பா, அது போதும் எண்டு சொன்னவர் எண்டு நான்தான் இவருக்குச் சொன்னனான். பிரெண்டுக்குப் பல்கனியைப் பற்றித் தெரியாது போல, அதாலதான் அப்பிடிச் சொல்லியிருப்பார், அவரோட கோவிக்காதேங்கோ எண்டு சொல்லுறார்."

எனக்குத் தெரியும். அந்தப் பல்கனியைப் பற்றி அவர் காருக்குள் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். அதில் அக்கா வைத்திருக்கும் புதினாச் சாடிகள்வரை தெரியும். இத்தனை பேருக்கு முன்னால் என்னைக் காப்பாற்ற அவர் ஒரு பொய் சொல்லிவிட்டு, பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு கீழே இறங்கினார்.

பரமேஸ் அண்ணை தீர்ப்புக்கு வழக்கமாக அரை மணித்தியாலம் எடுப்பார். அன்றைக்குத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "போதாது" என்றார். கதிரையில் இருந்துவிட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் சமீரைச் சுற்றிப் பெரிய கூட்டம். அவருடைய தட்டில் கொத்துரொட்டி குவிந்தது. ஒரு அன்ரி, அக்காவின் பெயருக்குக் கோயிலில் அர்ச்சனை செய்யப்போவதாகச் சொல்லி, பெயர் என்ன, நட்சத்திரம் என்ன என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நட்சத்திரம் என்றால் என்னவென்று விளங்கப்படுத்த ஆரணி படாத பாடு பட்டாள். நான் கிட்டப் போவதற்குள் சமீர் புறப்பட்டுவிட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஆரணி வாய் திறக்கவில்லை. சுகந்தி திறந்தாள். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும் எண்டுறவை. உங்களுக்கு வாய் மட்டும்தான் இருக்கு." ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சமீருக்கு எழுதினேன், அழித்தேன். கடைசியில் 'மன்னியுங்கோ' என்று மட்டும் அனுப்பினேன். பார்த்தார் என்று போன் காட்டியது. பதில் இல்லை. கார் வராவிட்டால் பஸ்ஸில் போகலாம், அது ஒரு பெரிய காரியமில்லை. ஆனால் அந்தக் கார் இனி என் வாசலில் நிற்காதென்றால் அந்த மனிதரை நான் இழந்துவிட்டேன் என்று அர்த்தம். அது எனக்குத் தாங்கவில்லை.

திங்கட்கிழமை வழக்கத்தைவிட முந்தியே பனிக்குள் போய் நின்றேன். நேரம் கடந்தது. யன்னல் திரைக்குப் பின்னால் சுகந்தி நிற்பது தெரிந்தது. பஸ் தரிப்பிடத்தை நோக்கித் திரும்பினபோது கார் வந்து நின்றது. ஏறினேன். சமீரின் கழுத்தைச் சுற்றி, குளிருக்குச் சால்வைபோல, சரிகைக் கரை வைத்த அந்தப் பொன்னாடை.

அவர் நெடுஞ்சாலையில் ஏறினார். செய்தி போடவில்லை. பிறகு வீதியைப் பார்த்தபடியே சொன்னார்.

"நேற்று அக்காவுக்கு லைன் கிடைச்சது. படத்தை அனுப்பினனான். நான் விளக்குக் கொளுத்திற படம். 'டேய், அங்க என்ன மந்திரியாயிட்டியோ' எண்டு கேட்டவள். முழுக்கதையும் சொன்னன். உன்ர கத்தரிக்காயையும் சொன்னன். சிரிச்சவள். லைன் கட்டாகுமட்டும் சிரிச்சவள்."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"நான் இன்னும் உன்னோட கோபம்தான்" என்றார் சமீர். "அவள் சிரிச்சதுக்காக ஏத்திக்கொண்டு போறன்."

அந்தக் கோபம் ஆறக் கொஞ்சக் காலம் எடுத்தது. மேடைப் பேச்சை நான் விட்டுவிட்டேன். அழைப்பிதழ்களிலிருந்து வேந்தர் பட்டமும் போய்விட்டது, யாரும் கவனிக்கவில்லை. வீட்டில் சோறு போடும்போது நான் "போதும்" என்று சொன்னால் சுகந்தி அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "இது உங்கட சொந்தக் கருத்தோ, இல்லை அணி மாத்தி விட்டவையோ?" என்று இன்றைக்கும் கேட்கிறாள். ஆரணி செய்தி பார்க்கும்போது நான் வாய் திறந்தால், "சொல்வேந்தர், ப்ளீஸ்" என்பாள். விழாக்களில் விசா விண்ணப்பக்காரர் இப்போதும் சமீரைத் தேடுகிறாராம்.

சமீர் மாதத்தில் ஒருநாளாவது எங்கள் வீட்டில் சாப்பிடுவார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் பரமேஸ் அண்ணையின் தீர்ப்பு. சுகந்தி இடியப்பம் வைத்துவிட்டு முகத்தைப் பார்ப்பாள். அவர் நடுவர் மாதிரி நிமிர்ந்திருந்து, "போதாது" என்பார். எல்லாரும் சிரிப்போம். அவள் இன்னும் இரண்டு வைப்பாள்.

போன மாதம் சாப்பாட்டுக்கு நடுவில் அவருடைய போன் அடித்தது. அக்கா. எழுந்து யன்னல் பக்கம் போனார். இடியப்பத்துக்குச் சொதி விடும் நேரத்துக்குள் லைன் விழுந்துவிட்டது. திரும்பி வந்து இருந்தார். பேசக் கிடைத்ததா என்று நான் கேட்டேன்.

ஓம் என்று தலையாட்டினார். தட்டைப் பார்த்துக்கொண்டு, "போதாது" என்றார்.