ஆறு மணி நேரத்தில் நிரம்ப வேண்டிய தொட்டி

கீழ்வீட்டில் குடியிருக்கும் மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு, மாடிவீட்டுத் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அங்கு நலமா என்று கேட்கத் தேவையில்லை. உங்கள் இருமலும் தும்மலும் ஏழு வருடமாகத் தவறாமல் மேலே வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இன்று உங்கள் ஜன்னலுக்குள் தண்ணீர் கொட்டியதற்கான விளக்கத்தைப் படிப்படியாகத் தருகிறேன். என் மகளின் வீட்டுப்பாடம் இது: ஒரு குழாய் தொட்டியை இரண்டு மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று மூன்று மணி நேரத்தில் காலி செய்யும், இரண்டையும் திறந்தால் எப்போது நிரம்பும்? ஆறு மணி நேரம் என்று உடனே சொன்னேன். "விடை புஸ்தகத்துக்குப் பின்னாடியே இருக்குப்பா. ஸ்டெப்ஸ்தான் வேணும்" என்றாள். உள்ளேயிருந்து அவள் அம்மா, "அவருக்கு எங்கடி அதெல்லாம் வரும்? கீழ போய்ப் பெரியப்பாகிட்ட கேளு" என்றாள். சுருக்கென்றது. பள்ளியில் நான் சரியான விடை எழுதி முட்டை வாங்கினேன். நீங்கள் தப்பான விடைக்கு வழிமுறை எழுதி முக்கால் மார்க் வாங்கினீர்கள். போதாததற்கு, தங்கை கல்யாணத்தில் அத்தனை பேர் நடுவே, "இவனுக்கு விடை வரும், எப்படி வந்துச்சுன்னு கேட்டா முழிப்பான்" என்று சொல்லிச் சிரித்தீர்கள். அன்று நின்ற பேச்சு.

ஆகவே பத்து மணிக்குக் காகிதமும் பென்சிலுமாக மொட்டைமாடிக்குப் போனேன். கழுவிக் காலியாகக் கிடந்த நம் பொதுத் தொட்டி அந்தக் கணக்குத் தொட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதே இரண்டு, அதே மூன்று. இரண்டு குழாயையும் திறந்துவிட்டு விளிம்பில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் வருவது பாதி, போவது மூன்றில் ஒன்று, தங்குவது ஆறில் ஒன்று என்று எழுதினேன். எழுத எழுத ஒரு மயக்கம். தண்ணீரோடு மேகமும் வருவதும் போவதுமாக, ஆறில் ஒரு பங்கு வானம் மட்டும் உள்ளே தங்கியது. அதன் அடியில் நாம் இருவரும் ஒரே சிலேட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். நீங்கள் எழுத எழுத நான் எச்சில் தொட்டு அழித்தேன், நீங்கள் கோபப்படவே இல்லை. பதினொரு மணிச் சங்கு ஊதியபோது காகிதம் கையை விட்டு நழுவியது. ஆயுளில் முதல்முறையாக நான் முழுதாக எழுதிய வழிமுறை நேரே போய் அடித்துளையை அடைத்துக்கொண்டது. நான் தூங்கிப்போனேன். பன்னிரண்டே முக்காலுக்கு, "டேய்! தண்ணிய நிறுத்துடா, மடையா! என்னடா பண்றே அங்க?" என்ற உங்கள் குரலில்தான் விழித்தேன். ஏழு வருடத்தில் நீங்கள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

ஆகவே குற்றம் தூக்கத்தைச் சேர்ந்தது. உங்கள் செய்தித்தாள் நனைந்ததற்கு வருந்துகிறேன். மற்றபடி பழைய நிலையே தொடரட்டும்; நீங்கள் மேலே வர வேண்டாம், நான் கீழே வரமாட்டேன். அண்ணிக்கு என் வணக்கம். எல்லோரும் நனையாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
விடை மட்டும் தெரிந்த தம்பி

பி.கு.: கொண்டுவந்து கொடுக்கச் சொன்ன கடிதத்தை மகள் படித்துச் சரிபார்த்துவிட்டாள். பதினொரு மணிக்கு ஆறில் ஒன்று இருந்ததாம். மீதி நிரம்ப ஒரு மணி நாற்பது நிமிடமாம். "பன்னெண்டு நாப்பதுக்கே வழிய ஆரம்பிச்சிருக்கு. நீங்க உக்காந்திருந்த விளிம்புலதான் வழிஞ்சிருக்கும். உங்க வேட்டி மட்டும் எப்படிப்பா நனையல? அஞ்சு நிமிஷம் என்ன பண்ணீங்க?" என்கிறாள். தூங்கவில்லை அண்ணா. எழுந்து நின்று, தண்ணீர் உங்கள் ஜன்னல் பக்கம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போதாவது வாய் திறப்பீர்களா என்று. இதற்கு வழிமுறை எழுத எனக்கு வராது. மேலே வாருங்கள். இன்னும் ஏழு கணக்கு மீதி இருக்கிறது.