நாணலில் தொங்கிய பட்டை

ஒரு காட்டில் எல்லாரும் தங்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டும் தாவிக்கொண்டும் இருந்தார்கள். அது பொறுக்காமல் ஆராய்ச்சி வந்து சேர்ந்தது.

ஆராய்ச்சி செய்தவர் கொக்கு. நாள் முழுக்க ஒற்றைக்காலில் நிற்கிற மனுஷர், இளவட்டங்கள் எவ்வளவு ஓடியாடுகின்றன, அதனால் மூச்சுக்கு எவ்வளவு தெம்பு வருகிறது என்று கண்டுபிடிக்கக் கிளம்பினார். ஆளுக்கொரு பட்டையைக் கையில் கட்டிவிட்டார். கை அசைந்தால் பட்டை குறித்துக்கொள்ளும். தண்ணீர் மட்டும் படக் கூடாதாம்.

நீர்நாய்ப் பெண் துள்ளிக்கு ஆறுதான் உலகம். ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. பட்டையைப் பத்திரமாகக் கழற்றி நாணலில் மாட்டிவிட்டுத்தான் ஆற்றில் இறங்கினாள். விடிந்து இறங்கினால் பொழுது சாய்ந்துதான் ஏறுவாள். கரடிப் பையன் கருப்பட்டிக்கோ உடம்பெல்லாம் உண்ணி. மர நிழலில் மல்லாந்து படுத்தபடி சொறிந்தான், சொறிந்தான், அப்படிச் சொறிந்தான்.

முடிவு வந்தது. சுறுசுறுப்பில் கருப்பட்டி முதலிடம். துள்ளி அசையவே இல்லை என்று பட்டை சொல்லிவிட்டது. சோம்பேறிகள் நாளையிலிருந்து ஆற்றுப்பக்கம் தலைகாட்டாமல் மலையைச் சுற்றி நடக்க வேண்டும் என்றார் கொக்கு. துள்ளி கொக்கிடம் ஓடினாள். ஆறு இல்லாமல் அவள் என்னத்துக்கு ஆவாள்?

"ஐயா, நான் நீந்திக்கிட்டுதானே இருந்தேன்? நீங்களும் பக்கத்துலதான் நின்னீங்க. உங்க மேலகூடத் தண்ணி தெறிச்சுதே."

"பார்த்தேன் பாப்பா. ஆனா நான் பார்த்ததெல்லாம் ஆராய்ச்சியில வராது."

அன்றைக்கே மூச்சுப் பரீட்சையும் நடந்தது. மரங்கொத்தி ஒரு தட்டுத் தட்டினால் இந்த மரத்திலிருந்து அந்த மரத்துக்கு ஓட வேண்டும். தட்டு வேகமாக வேகமாக, ஓட்டமும் வேகமாக வேண்டும். கருப்பட்டி பாதி வழியிலேயே நாக்குத் தள்ளிப் படுத்துவிட்டான். படுத்ததும் சொறிய ஆரம்பித்தான். மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். துள்ளி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தாள். கடைசியில் மரங்கொத்திக்கு அலகு வலித்து, போதும் தாயே என்று நிறுத்தியது.

இப்போதாவது புத்தி வரும் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். கொக்கு இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கழுத்தை நீட்டிப் பார்த்தார். அசையாதவளுக்கு நல்ல மூச்சு. ஓயாமல் அசைந்தவனுக்கு மூச்சே இல்லை. ஆகவே அசையாமல் கிடப்பதுதான் மூச்சுக்கு உரம் என்று அறிவித்தார். காடே கைதட்டியது. இனி இளவட்டங்கள் எல்லாரும் சும்மா இருக்கப் பழக வேண்டும், பழக்குகிற வாத்தியார் துள்ளி.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள் துள்ளி. காலையில் உண்மையைச் சொல்லியும் மலைதான் மிஞ்சியது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு, கொஞ்சம் யோசித்து, அடக்கமாகக் கேட்டாள்:

"ஐயா, சும்மா இருக்கிற வகுப்பை ஆத்தங்கரையில வச்சுக்கலாமா?"

பேஷாக என்றார் கொக்கு.

மறுநாள் முதல் நாணல் முழுக்கப் பட்டைகள் தொங்கின. ஆற்றில் மான்குட்டி முதல் கருப்பட்டி வரை ஒரே கும்மாளம். தண்ணீர் பட்டுப்பட்டுக் கருப்பட்டிக்கு உண்ணிகூடக் குறைந்தது. கொக்கு முழுக்க நனைந்து நடுவில் நின்றபடி பட்டைகளை எட்டிப் பார்ப்பார். ஒருவரும் அசையவில்லை என்று தெரிந்ததும் அவருக்கு மனசு நிறைந்துவிடும்.

நீதி: உடம்பைத் தேற்ற நினைப்பவர்கள் முதலில் சோம்பேறி என்று அத்தாட்சி வாங்கிக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகு யாரும் குறுக்கே வரமாட்டார்கள்.