சூடு பாயும் தொட முடியாத ரவுட்டரும்

நாவலூரில் எத்தனை ஐடி கம்பெனி இருந்தாலும், மெஷினுக்குக் காய்ச்சல் பார்க்கிற ஆள் ஒருத்தன்தான். எங்கள் ரூம் சூடு பாய்.

சதுரங்கப்பட்டினத்துக்காரன். ஒரு கம்பெனியில் நெட்வொர்க் ரிப்பேர், கான்ட்ராக்ட் வேலை. நான் பத்தாவது ஃபெயில், சாப்பாடு டெலிவரி. ஹாஸ்டலில் ஒரே ரூம். காயலான் கடையிலிருந்து அவன் தூக்கி வந்த ரவுட்டர்கள் என் கட்டிலில் படுத்திருக்கும்.

"பாய், நான் எங்க படுக்கறது?"

"கீழ படு மச்சான். அதுக்குத் தரை ஆவாது. தூசி பூந்துடும்."

"எனக்குப் பூந்தா?"

"நீ தும்மிடுவ. அது இன்னா பண்ணும்?"

எது ரிப்பேரானாலும் முதலில் உள்ளங்கையை வைப்பான். "சூடு கீது. உசுரு கீது" என்பான். அப்புறம்தான் ஒயரைப் பிடுங்கிச் சொருகுவான். அவன் ரவுட்டர்களால் ஒருநாள் மாடி முழுக்கக் கரண்ட் போய், ஹாஸ்டல் ஓனர் கத்திக்கொண்டே வந்தார். பாய் அவர் நெற்றியிலேயே கையை வைத்துவிட்டான்.

"ரொம்ப சூடு கீது சார். கொஞ்சம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

ஓனர் தன் நெற்றியைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார். நான் சிரிப்பை அடக்கப் போர்வைக்குள் புகுந்துகொண்டேன்.

நெட்வொர்க் பரீட்சையில் சர்டிஃபிகேட் வாங்கினால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் கான்ட்ராக்ட் முடிந்தது என்று கம்பெனியில் சொன்னார்கள். செங்கல்பட்டு சென்டருக்கு நான்தான் பைக்கில் கூட்டிப்போனேன். வெளியே வந்தவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"இன்னா பாய், கஷ்டமா?"

"மச்சான், அங்க ரவுட்டரே இல்ல."

"எவனாவது தூக்கினு போயிட்டானா?"

"எமுலேட்டராம். ஸ்கிரீனுக்குள்ள ரவுட்டர் மாரியே நடிக்கிற சாஃப்ட்வேரு. அது ஏன் வேலை செய்யலன்னு கேக்குறான். நான் எதத் தொடுவேன்?"

மானிட்டரைத் தொட்டிருக்கிறான். பிறகு ஒயரைத் தேடி மேசைக்கடியில் புகுந்திருக்கிறான். பிட்டு ஒளிக்கிறான் என்று சூப்பர்வைசர் காலைப் பிடித்து இழுத்திருக்கிறார். ஃபெயில். இன்னும் ஒரே ஒரு தடவை எழுதலாம் என்று கம்பெனியில் விட்டார்கள்.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தால் என் கட்டில் காலி. ரவுட்டர் எல்லாம் காயலான் கடைக்கே போய்விட்டது. பாய் பழைய லேப்டாப்பில் எமுலேட்டர் போட்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே ரவுட்டர்கள் ஓட ஓட, லேப்டாப் ஃபேன் மீன்பிடிப் படகு மாதிரி கத்தியது. ஒருநாள் என் கையை இழுத்து லேப்டாப் அடியில் வைத்தான்.

"பாத்தியா, எல்லாம் ஓடுது. சூடு இங்க வருது."

அன்றைக்கு எமுலேட்டரை மன்னித்தான். அடுத்த பரீட்சையில் பாஸ். "ஊருக்குப் போய் அம்மாவான்ட சொல்லிட்டு வரேன். ஞாயித்துக்கிழம நீ வந்துடு, பிரியாணி" என்று பஸ் ஏறினான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அவன் அண்ணன் போன் செய்தார். தூக்கத்திலேயே போய்விட்டானாம். நெஞ்சு என்றார்கள். இந்த வயசில் நெஞ்சா? பாய் விளையாடுகிறான் என்றுதான் கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க நினைத்துக்கொண்டு ஓட்டினேன். வீட்டில் எல்லாரும் பார்க்க, போனதும் அவன் நெற்றியில் உள்ளங்கையை வைத்தேன். அவனிடம் பழகிய பழக்கம்.

சூடு இல்லை.

லேப்டாப்பை அவன் அம்மா என்னிடமே கொடுத்துவிட்டார். எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. தினமும் எமுலேட்டரைத் திறந்து, அவன் செய்து பார்த்த மாதிரி எல்லா ரவுட்டரையும் ஓடவிட்டு, அடியில் கை வைத்துப் பார்ப்பேன். பிறகு அணைத்து என் கட்டிலில் வைத்துவிட்டு, நான் கீழே படுத்துக்கொள்கிறேன்.

அதற்குத் தரை ஆகாது. எனக்குப் பரவாயில்லை, தும்மிக்கொள்வேன்.