சிறுத்தை டாக்டரின் பிரஷர் மிஷின்

ஒரு காட்டில், வேறெங்கே, நம்ம காட்டில்தான், ஒரு சிறுத்தை இருந்தது. வயதாகி முட்டி தேய்ந்துவிட்டதால் மான்களைத் துரத்த முடியவில்லை. யோசித்துப் பார்த்தது. ஒரு பிரஷர் மிஷினை வைத்துக்கொண்டு டாக்டராகிவிட்டது.

வருகிற மானுக்கெல்லாம் பிரஷர் எகிறியது. எகிறாமல் என்ன செய்யும்? எதிரே உட்கார்ந்திருப்பது சிறுத்தை.

மாயழகி என்ற புள்ளிமானுக்கு மேலே நூற்றெண்பது, கீழே நூற்றுப்பத்து.

"மேல இருக்கறது இதயம் அமுக்குறப்போ. கீழ இருக்கறது அது ஓய்வெடுக்குறப்போ," என்றது சிறுத்தை. "ஓய்வுலயே நூத்திப்பத்தும்மா! இனிமே நீ ஓடவே கூடாது. யார் துரத்தினாலும் சரி."

போன வாரம் இதே வைத்தியத்துக்குக் கட்டுப்பட்ட அவள் நாத்தனார் இன்னும் வீடு திரும்பவில்லை. மாயழகி ஆமையிடம் ஓடினாள். அதனிடமும் ஒரு மிஷின் உண்டு. ஆமை அவளைச் சாய்ந்து உட்காரச் சொன்னது, வாயை மூடச் சொன்னது, அஞ்சு நிமிஷம் கழித்துத்தான் அளந்தது. நூற்றிருபதுக்கு எண்பது.

"உனக்கு ஒண்ணுமில்ல புள்ள. பயந்துகிட்டு அளந்தா ஏறும். மூச்சு வாங்க வந்து அளந்தா ஏறும். பேசிகிட்டே அளந்தாலும், கால்ல சுத்துற பட்டை சின்னதா இருந்தாலும் ஏறும்."

"அப்படியா சங்கதி!" என்றாள் மாயழகி.

மறுநாள் சிறுத்தையிடம் போனாள்.

"முகமே சரியில்லையே டாக்டர். ஊருக்கெல்லாம் பாக்கறீங்க, உங்களுக்கு யாரு பாக்கறது? மேட்டு மேல வாங்க, அங்கதான் வெளிச்சம்."

சிறுத்தை மூச்சிரைக்க மேடேறியது. முயல்களுக்குக் கட்டுகிற பட்டையை அதன் முன்னங்காலில் இறுக்கிக் கட்டினாள். பட்டனை அமுக்கிவிட்டு மெதுவாகக் கேட்டாள்:

"உங்க மருமக இப்பவாவது பேசறாளா?"

"அவ பேச்சை எடுக்காதே!" என்று சிறுத்தை உறுமியது.

மேலே இருநூற்றிருபது.

சிறுத்தைக்கு எண்ணைப் படிக்கத்தான் தெரியும், அது வருகிற வழி தெரியாது. எண்ணை இன்னொரு தரம் பார்த்துவிட்டுக் கேட்டது:

"கறி திங்கலாமாம்மா?"

"கறியில இருக்கற ரத்தமெல்லாம் உப்பாச்சே டாக்டர், பிரஷருக்கு உப்பு ஆகுமா?"

"கொஞ்சூண்டு?"

"உங்க இஷ்டம். பிள்ளைகுட்டிக்காரர், நான் சொல்லணுமா?"

சிறுத்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, புல் இருக்கிற பக்கமாக, அடிமேல் அடி வைத்து நடந்து போனது.

நீதி: உன் பிரஷரைச் சரியாக அளப்பவரைத் தேடிப் போ, உன்னைத் தின்ன வருகிறவருக்குத் தப்பாக அளக்க நீயே போ.